நல்லா உரியட்டும்

1998 ஆகஸ்ட் 26, புதன்

காக்ஸ் டவுனிலிருந்து காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைக்கு நல்லதாக நடந்தது அது ஒன்றுதான்.

தீசிஸில் இருபத்திரண்டு பேர் முடிந்தார்கள். இன்னும் எட்டுப் பேர். பருத் தழும்பும் அம்மைத் தழும்பும் உள்ள முகங்களில் மேல் தோலை மூன்று வழிகளில் அகற்றிப் பார்ப்பது என் வேலை. பத்துப் பேருக்கு ஆசிட். பத்துப் பேருக்குச் சுழலும் வைரச் சக்கரத்தால் தேய்ப்பு. பத்துப் பேருக்கு லேசர். புதுத் தோல் எப்படி வருகிறது, எதில் நன்றாக வருகிறது என்று எழுத வேண்டும். அப்பா தென்காசியிலிருந்து போன் செய்து பெங்களூர்ல என்னம்மா பண்றே என்றார். முகம் தேய்க்கிறேன் என்றேன். இரண்டு வருஷம் மேல்படிப்பு படித்து இதுதானா என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது கேட்டது போலத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் லேபுக்குப் போனேன். ஒவ்வொரு நோயாளிக்கும் முகத்தைத் தொடும் முன் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன இடத்தில் அதே சிகிச்சையைச் செய்து, மிளகளவு தோல் எடுத்துவைத்திருக்கிறோம். அந்த ஸ்லைடுகளை வரிசையாகப் பார்த்தேன்.

ஆசிட் பட்ட தோல், வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கெட்டியாகி நிற்கிறது. தேய்த்தது சீவிவிட்டது போல ஒரே மட்டமாக இருக்கிறது, சூட்டின் சுவடே இல்லை. லேசரில் மேலே இருந்த தோல் ஆவியாகிப் போய், அடியில் மெல்லிய ஒரு பட்டை மட்டும் வெந்திருக்கிறது. அந்தப் பட்டை எவ்வளவு தடிமன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூன்றுமே காயம்தான். நாங்கள் கணக்குப் பார்த்துக் காயம் செய்கிறோம், ஆற்றுவதைத் தோல் தானே பார்த்துக்கொள்கிறது. இதை தீசிஸில் எழுதினால் என் கைடு டாக்டர் சேஷகிரி சிவப்பு மையால் அடிப்பார். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 7, திங்கள்

இருபத்து மூன்றாம் நம்பர், லேசர். பெயர் உமேஷ். ஆனேக்கல்லில் பள்ளி ஆசிரியர், முப்பத்தைந்து வயது, கன்னடக்காரர். கன்னங்கள் முழுக்கப் பருக்குழி. எனக்குக் கன்னடம் பஸ்ஸில் இறங்கும் அளவுக்குத்தான் தெரியும் என்பதைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, தனக்குத் தெரிந்த தமிழை எடுத்துவிட்டார். ஓசூர் பக்கத்தில்தானே இருக்கிறோம், தமிழ் வரும் டாக்டர் என்றார். வந்தது பாதிதான், ஆனால் மரியாதை முழுசாக இருந்தது. உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருமா என்று கேட்டதற்கு இல்லவே இல்லை என்றார். லேசர் முடியும்வரை ஒரு முனகல்கூட இல்லை.

ஏழு நாள் வெளியே வர வேண்டாம், தினமும் எப்படி இருக்கிறது என்று மட்டும் போனில் சொல்லுங்கள் என்றேன். வீட்டில் போன் கிடையாது. பஸ் ஸ்டாண்ட் பூத்துக்குத் தங்கையை அனுப்பிச் சொல்லச் சொல்கிறேன் என்றார்.

செப்டம்பர் 8, செவ்வாய்

இருபத்து நான்கு, ஆசிட். ஜெயலக்ஷ்மி, வீடு நீலசந்திராவில், கார்மெண்ட்ஸில் தையல் வேலை, இருபத்தாறு வயது. தமிழ்ப் பெண் என்பதால் எனக்கு வாய் கொஞ்சம் நீண்டது. இதெல்லாம் எதுக்கும்மா, கல்யாணத்துக்கா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கல்யாணம் ஆகி ஏழு வருஷம் ஆச்சு டாக்டர். என் மூஞ்சி எனக்குப் புடிக்கணும், அவ்ளோதான்."

நெற்றியில் தொடங்கி ஆசிட்டைப் பூசியதும் தோல் வெளுத்து வந்தது. வலது கன்னத்தில் மட்டும் வெண்மை எதிர்பார்த்ததைவிட அழுத்தமாக விழுந்தது. என் கை அங்கே ஒரு நொடி கூடுதலாக நின்றதோ? தண்ணீர்த் துணியைப் போட்டேன். ஒன்றும் ஆகாது.

செப்டம்பர் 9, புதன்

ஒன்றும் ஆகாது என்று நேற்று எழுதியிருக்கிறேன். அப்படி எழுதத் தேவை வந்ததே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 11, வெள்ளி

காலையில் வரும் நோயாளிகளின் போன்களை எடுப்பது ஜானகி சிஸ்டர். அவர் துமகூர்க்காரர், இருபது வருஷ சர்வீஸ். நான் ஓ.பி.யில் இருப்பதால் கேட்டதை அவரே இங்கிலீஷ் பாரத்தில் எழுதிவைப்பார். இன்று இருபத்து நான்காம் நம்பருக்கு எதிரே 'பர்னிங், முகம் முழுவதும்' என்று எழுதியிருந்தது.

மூன்றாம் நாளில் எரிச்சல் இருக்கக் கூடாது. முதல் நாள் எரியும், இரண்டாம் நாள் இறுகும், மூன்றாம் நாளிலிருந்து தோல் உரியத் தொடங்கும். அதுதான் முறை.

செப்டம்பர் 12, சனி

இன்றும் பர்னிங். சிஸ்டரிடம் உடனே வரச் சொல்லுங்கள் என்றேன். சொன்னாராம். டாக்டர்தான் ஏழு நாள் வெயிலில் வரக் கூடாது என்றார், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று ஜெயலக்ஷ்மி போனை வைத்துவிட்டாளாம். என் பேச்சைக் கேட்கிற ஒரே நோயாளி இவள்தான், அதுவும் இப்போது.

வேறு காய்ச்சல், சீழ் ஏதாவது என்றேன். "இல்லா டாக்டர். பரீ உரி," என்றார் சிஸ்டர், வேறு ஒன்றும் இல்லை என்று கையை விரித்து. அவருக்கும் கவலைதான்.

செப்டம்பர் 13, ஞாயிறு

பாரத்தில் இருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு நீலசந்திராவுக்குப் போனேன். ஒரு மணி நேரம் சந்து சந்தாகத் தேடி வீட்டைக் கண்டுபிடித்தால் பூட்டு. அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள், அக்கா வீடு விவேக் நகரில் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஒரு பெண் தன் முகம் தனக்குப் பிடிக்க வேண்டும் என்று வந்தாள். நான் அதைப் பொசுக்கிவிட்டேனா? ஆழமாக வெந்திருந்தால் குழிக்குப் பதில் தடித்த தழும்பு வரும். அது போகாது. எந்த லேசராலும் போகாது.

செப்டம்பர் 14, திங்கள்

இன்று டாக்டர் சேஷகிரி பாரங்களைப் பார்த்தார். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் குடும்பம், தமிழும் கன்னடமும் அவருக்கு இரண்டு கை மாதிரி. திட்டுவதற்கு எப்போதும் தமிழைத்தான் எடுப்பார்.

"ஏம்மா, ஆசிட் போட்டீங்களா, இல்ல அந்தப் பொண்ணு மூஞ்சியோட சண்டை போட்டீங்களா?"

அந்தப் பெண்ணை நேரில் பார்க்கும்வரை இன்னொரு முகத்தைத் தொடக் கூடாது என்றார். மூன்று வழிகளையும் ஒப்பிடுகிற படிப்பே இதோடு நின்றுபோகலாம். அது நின்றால் நிற்கட்டும். அவள் முகம் என்ன ஆயிற்று என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். தோல் டாக்டராக இருக்க எனக்குக் கை போதாது என்று தோன்றுகிறது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டு தென்காசியிலேயே இருந்திருக்கலாம்.

ஆறுதலாக ஒன்றே ஒன்று. சிஸ்டருக்கு இன்று விடுப்பு, போனை நானே எடுத்தேன். லேசர் உமேஷ், தானே பூத்துக்கு வந்து பேசினார். முகம் பூராவும் உரிகிறதாம். ஏழாம் நாள், கரெக்ட். எனக்கு இருந்த மனநிலையில் அவரைக் கொண்டாடிவிட்டேன். நல்லது, நல்லா உரியட்டும், கை மட்டும் வைக்காதீங்க என்றேன். கொஞ்சம் தயங்கி, சரி டாக்டர் என்றார். லேசராவது என்னைக் காப்பாற்றுகிறது.

செப்டம்பர் 15, செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

காலை ஒன்பதரைக்கு ஜெயலக்ஷ்மி வந்தாள். தலையில் முக்காடு, கையில் குடை, வெயிலே இல்லாத நாளில். அறைக்குள் வந்து முக்காட்டை எடுத்தாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

நல்ல முகம். இளஞ்சிவப்பாக, ஈரப்பசையோடு, ஒரு புண் இல்லாத புதுத் தோல். தாடை ஓரத்தில் மட்டும் பழைய தோல் மெல்லிய காகிதம் போல ஒட்டிக்கொண்டிருந்தது. அழுத்தமாக வெளுத்த வலது கன்னம்தான் எல்லாவற்றையும்விடச் சுத்தமாக இருந்தது. நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவள் கூச்சப்பட்டாள்.

எரிச்சல் எப்போது நின்றது என்று கேட்டேன். என்ன எரிச்சல் என்றாள். முதல் நாளோடு சரி என்றாள். அப்புறம் ஏன் தினமும் சிஸ்டரிடம் எரியுது என்று சொன்னாய் என்றேன்.

"நான் எங்க எரியுதுன்னேன்? முகா பூரா உரியுதுன்னு தானே சொன்னேன்."

அறை மூலையில் காட்டன் மடித்துக்கொண்டிருந்த ஜானகி சிஸ்டர் நிமிர்ந்தார். "ஹௌது டாக்டர், அதே. உரியுது அந்தா ஹேளித்ளு. நான் பர்னிங் எழுதினேன்."

ஆமாம், உரியுது என்றுதான் சொன்னாள் என்கிறார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. தமிழில் உரி என்றால் தோல் கழன்று வருவது. கன்னடத்தில் உரி என்றால் எரிச்சல். சிஸ்டருக்குப் புரியட்டும் என்று இவள் முகத்தை 'முகா' ஆக்கிக் கன்னடம் கலந்து பேசியிருக்கிறாள். சிஸ்டர் முழுக்கவும் கன்னடம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார். அவள் உரிய உரிய, இங்கே பாரத்தில் எரிந்துகொண்டிருந்தது. பாரம் இங்கிலீஷில் இருந்ததால் டாக்டர் சேஷகிரிக்கும் தெரியவில்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

சிரிப்பு வந்தது. சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஜெயலக்ஷ்மி புதுத் தோல் இழுக்கிறது, சிரிக்கவைக்காதீர்கள் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சேஷகிரி சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவரும் சிரித்தார். பாரத்தைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்றார்.

திருத்த உட்கார்ந்தேன். இருபத்து நான்கை அடித்து 'பீலிங்' என்று எழுதினேன். பக்கத்தைத் திருப்பியபோது மேலே இருபத்து மூன்று இருந்தது. என் கையெழுத்து. 'ஏழாம் நாள், பீலிங், தைரியம் சொல்லப்பட்டது.'

பேனாவை வைத்துவிட்டேன்.

உமேஷ் என்ன சொன்னார்? முகா உரியுத்தெ டாக்டர். அவர் தமிழ் பேச முயற்சி செய்கிறார் என்று நான் தமிழாகவே கேட்டேன். அவர் தமிழ் பேசவில்லை. கடவுளே. ஏழாம் நாளில் எரிச்சல், லேசரில். புதுத் தோல் மூடுவதற்கு முன் உதட்டுக் கொப்புள வைரஸ் முகத்தில் வந்தால் இப்படித்தான் எரியும். ரெண்டு மூணு நாள் விட்டா குழி குழியா தழும்பு. நான் என்ன சொன்னேன்? நல்லது, நல்லா உரியட்டும்.

சாரிடம் நின்றபடியே சொன்னேன். அவர் திட்டவில்லை. மாத்திரையை எடுத்துக்கொண்டு கிளம்புங்க என்றார். பதினொன்றே காலுக்கு மார்க்கெட்டில் ஆனேக்கல் பஸ். சந்தாபுரத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. நான் கண்டக்டரை முறைத்த முறைப்பில் அவர் டிரைவரைக் கூப்பிட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்கூல் மேஷ்ட்ரு உமேஷ் என்றதும் பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொன்னார்கள். கதவைத் திறந்தது தங்கை பார்கவி. உள்ளே உமேஷ் பாயில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார், கண் வீங்கியிருந்தது. இடது கன்னத்தில், வாய் ஓரத்திலிருந்து மேலே, குண்டூசித் தலையளவில் கொத்தாகப் புண்கள். புதுசு. குழி விழுந்து, ஓரம் சிவந்து. சந்தேகமே இல்லை.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். முந்தா நாள் சாயங்காலத்திலிருந்து. நேற்று ராத்திரி தூங்கவே இல்லையாம். ஏன் உடனே வரவில்லை என்று கேட்டேன். என்ன நெஞ்சழுத்தம் எனக்கு, அதையும் கேட்டேன். அவர் குழப்பத்தோடு பார்த்தார்.

"நீவே ஹேளித்ரல்லா டாக்டர், சென்னாகி உரியலி அந்தா."

நீங்கள்தானே சொன்னீர்கள், நன்றாக எரியட்டும் என்று. அவ்வளவு கன்னடம் எனக்குப் புரிந்தது. நான் சொன்னேன் என்பதற்காக அந்த மனிதர் ஒரு நாள் முழுக்க எரியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் மாத்திரையை நானே பிரித்துக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. களிம்பு, ஈரத் துணி, எல்லாவற்றையும் பார்கவிக்கு விரலால் எண்ணிக் காட்டினேன். நாளைக் காலை மருத்துவமனைக்கு வரச் சொன்னேன். ஏன் வந்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். அவர் கை கூப்பினார்.

செப்டம்பர் 16, புதன்

சேஷகிரி சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். நேரத்துக்குப் பிடித்துவிட்டீர்கள், இன்னும் ஆழம் போகவில்லை என்றார். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உமேஷ் அங்கிருந்த எல்லோரிடமும், இந்த டாக்டர் என்னைப் பார்க்க பஸ் ஏறி வீட்டுக்கே வந்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

செப்டம்பர் 18, வெள்ளி

புதுப் புண் வரவில்லை. எரிச்சல் பாதியாகக் குறைந்ததாம். 'எரிச்சல்' என்று எழுதியிருக்கிறேன், கேட்டது 'உரி'. அவரிடம் கையால் விசிறிக் காட்டச் சொல்லி, பார்த்துவிட்டு எழுதினேன்.

செப்டம்பர் 22, செவ்வாய்

மூடிவிட்டது. கன்னம் முழுவதும் மூடிவிட்டது. குழி இல்லை. இன்று மத்தியானம் பசித்தது. ஒரு வாரமாகப் பசி என்பதே மறந்துபோயிருந்தது. சிஸ்டரோடு கேன்டீனில் இரண்டு மசால் தோசை.

அக்டோபர் 5, திங்கள்

பாரத்தை மாற்றிவிட்டோம். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் கேள்வி. தோல் கழன்று வருகிறதா, நெருப்பு பட்டது போல இருக்கிறதா என்று நீட்டி எழுதியாயிற்று. உரி என்ற சொல் எங்கேயும் கிடையாது. மீதி முகங்களைச் செய்ய சார் அனுமதி கொடுத்தார். லேசருக்கு எல்லோருக்குமே முன்கூட்டியே வைரஸ் மாத்திரை, உதட்டுக் கொப்புளம் உண்டு என்றாலும் இல்லை என்றாலும். நடந்ததை தீசிஸில் ஒரு பத்தி எழுதுகிறேன் என்றேன். அவசியம் எழுதுங்கள், யாரும் நம்ப மாட்டார்கள் என்றார்.

ஜானகி சிஸ்டர் தினமும் எனக்குப் பத்து கன்னட வார்த்தை. நான் அவருக்குப் பத்து தமிழ். அவர் என்னைவிட வேகம்.

டிசம்பர் 10, வியாழன்

மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்த தோலின் ஸ்லைடுகள் ஏறக்குறைய முடிந்தன. லேசரிலும் தேய்ப்பிலும் அடித்தோலில் புது நார்கள் நெருக்கமாக, வரிசையாக வந்திருக்கின்றன. ஆசிட்டில் அவ்வளவு இல்லை, ஆனால் அந்தப் பத்துப் பேரிலும் சிகிச்சைக்குப் பின் வந்த கருமை சீக்கிரம் மறைந்தது. எது சிறந்தது என்று பரீட்சையில் கேட்டால் ஒரே வரியில் சொல்ல என்னால் முடியாது. யார் தோல், எவ்வளவு ஆழம், அப்புறம் யார் போன் எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இன்று உமேஷுக்குக் கடைசிப் பரிசோதனை. குழிகள் முக்கால்வாசி போய்விட்டன. இடது வாய் ஓரத்தில் லேசாக ஒரு பழுப்பு, அதுவும் மங்கிக்கொண்டிருக்கிறது. தொட்டுப் பார்த்தால் மட்டமாக இருக்கிறது. போட்டோ எடுத்து முடித்ததும் அவர் எழுந்தார். உட்காருங்கள் என்றேன்.

சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி. அன்றைக்குப் போனில் எனக்குத் தப்பாகக் கேட்டது, என் தப்பால்தான் நீங்கள் கஷ்டப்பட்டீர்கள், சும்மா பார்க்க வந்தேன் என்று சொன்னது பொய். மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு சிஸ்டர் சொல்லிக் கொடுத்த வார்த்தை அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.

அவர் நாற்காலியை எனக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கொத்து டாக்டர், தெரியும். அன்னிக்கே தெரிஞ்சுது. கையில மாத்திரையோட ஆனேக்கல்லுக்கு யாரு சும்மா வருவாங்க?"

தெரிந்தும் ஏன் எல்லோரிடமும் என்னைப் புகழ்ந்தீர்கள் என்று கேட்டேன். வந்தீர்களே, அது நிஜம்தானே என்றார். பிறகு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பார்கவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு நெற்றியிலும் மூக்கிலும் அம்மைத் தழும்புகள். அன்று அந்த வீட்டில் அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. இவளுக்கும் செய்ய வேண்டும் என்றார்.

என் படிப்புக்கு முப்பது பேரும் முடிந்துவிட்டார்கள், பக்கத்து அறையில் கன்னட டாக்டர் இருக்கிறார், அவரிடம் பேசுவது உங்களுக்குச் சுலபம் என்று பார்கவியிடம் சொன்னேன். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"பேடா. நீவே மாடி."

வேண்டாம், நீங்களே செய்யுங்கள். இதற்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.